அக்காவின் பண்டிகை லீவு

தீபாவளி முடிந்த மறுவாரம், காலை டூட்டி மாறுகிற நேரத்தில், அக்கா என் மேசைக்கு வந்து தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“இன்னாமா இது?”

எங்கள் ஆஸ்பத்திரியின் டூட்டி ஆப் திறந்திருந்தது. பண்டிகை லீவு இருப்பு என்ற இடத்தில் மூன்று என்று காட்டியது.

“மூணு நாள் இருக்குதுக்கா.”

“அது எனக்கும் தெரியுது. மீதி எங்க போச்சி?”

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். போனை அப்படியே பிடித்தபடி என் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வையில் கேள்வி இல்லை. விடை தெரிந்தவர் பார்க்கிற பார்வை அது.

நான் திருப்பதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் நர்சிங் ஆபீசில் வேலை செய்கிறேன். நர்ஸ் இல்லை, நர்ஸ்களுக்குக் கம்ப்யூட்டரில் டூட்டி போடுகிறவள். யாருக்குக் காலை, யாருக்கு ராத்திரி, யாருக்கு எந்தக் கிழமை வார விடுமுறை என்று மாதம் பிறக்கும் முன்பே போட்டு முடிக்க வேண்டும். சித்தூரில் எங்களுக்கு ஒரு சின்னக் கிளை உண்டு. அங்கிருப்பவர்களுக்கும் நான்தான் போடுவேன். அக்கா அங்கே பல வருஷம் வேலை செய்தவர். கார்வேட்டிநகரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் சித்தூர் போய் வருவார். எனக்குச் சொந்த ஊர் நகரி, வீட்டில் விசைத்தறி. ஆபீசில் எல்லோரும் தெலுங்கு பேச, போனில் தமிழில் “இன்னாமா, இந்த மாசமும் எனக்கே நைட்டா?” என்று கேட்ட ஒரே ஆள் அவர்தான். நேரில் பார்ப்பதற்கு முன்பே எனக்கு அக்காவாகிவிட்டார்.

ஆடி மாதம் சித்தூர் கிளையில் ஒரு வார்டை மூடினார்கள். அக்காவையும் இன்னும் சில நர்ஸ்களையும் திருப்பதிக்கு மாற்றினார்கள். அதிலிருந்து மத்தியானம் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் சாப்பிடுவோம்.

ஆஸ்பத்திரிக்குப் பண்டிகை கிடையாது. சங்கராந்தி அன்றும் நோயாளி வருவான், உகாதி அன்றும் வருவான். அதனால் அரசு விடுமுறை நாளில் யார் டூட்டி பார்க்கிறார்களோ அவர்கள் கணக்கில் ஒரு நாள் லீவு ஏறும். வீட்டில் இருந்தவர்களுக்கு ஏறாது, அவர்கள் பண்டிகையை அனுபவித்துவிட்டார்கள் என்று அர்த்தம். சேர்ந்த லீவை அந்த வருஷத்துக்குள் எடுத்துக்கொள்ள வேண்டும். அடுத்த வருஷத்துக்குப் போகாது. தெலுங்கில் லீவுக்கு செலவு என்று பெயர். வந்த புதிதில், “எனக்கு எத்தனை செலவு இருக்கு” என்று நர்ஸ்கள் கேட்டால் சிரிப்பு வரும். அன்றைக்கு அக்காவின் போனைப் பார்த்தபோது வரவில்லை.

ஏனென்றால் அவர் எதற்காகச் சேர்த்தார் என்று எனக்குத் தெரியும். அவருக்கு ஒரே மகள். வேலூரில் கட்டிக்கொடுத்திருக்கிறார். கார்த்திகையில் தலைப்பிரசவம், தாய்வீட்டில். அக்காவுக்குப் புருஷன் இல்லை. பிரசவத்துக்குப் பிறகு பிள்ளைக்கு எண்ணெய் வைக்க, மகளுக்குப் பத்தியச் சோறு போட அவர் ஒருவர்தான். மகளுக்குக் கல்யாணமானதிலிருந்தே இப்படி ஒரு நாளை எதிர்பார்த்து, அந்த வருஷம் ஒரு பண்டிகைக்கும் வீட்டில் இருக்கவில்லை. சங்கராந்தி அன்று மற்றவர்கள் கோலம் போட்டுக்கொண்டிருக்க, காலி பஸ்ஸில் ஏறி சித்தூர் போனார். சிவராத்திரி, உகாதி, மே தினம், எல்லாவற்றுக்கும் “என்னைப் போடும்மா” என்று தானே போன் செய்து கேட்டு வாங்கினார். அத்தனையும் நான் என் கையால் போட்ட டூட்டி.

“பாத்து சொல்றேன்க்கா” என்றேன்.

“பாரு. நீ தானே போட்டுக்கினு இருக்கே, உனக்குத் தெரியாம எங்க போவப்போவுது?” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியானம் சாப்பாட்டு அறைக்குப் போனபோது அக்கா ஐ.சி.யு. நர்ஸ்களோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அந்த மேசையில் பேச்சு நின்றது. நான் தனியாக உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன். எலுமிச்சைச் சோற்றைப் பாதியில் மூடிவிட்டேன்.

என்ன பேசியிருப்பார்கள் என்று யாரும் சொல்லாமலே எனக்குத் தெரியும். ஆவணியில் என் தம்பி கல்யாணத்துக்கு நான் தொடர்ந்து ஒரு வாரம் லீவு எடுத்திருந்தேன். என் கணக்கில் இருந்த லீவுதான். ஆனால் கம்ப்யூட்டர் என் கையில் இருக்கிறதே. சாயங்காலம் லிஃப்டுக்குக் காத்திருந்தபோது பின்னால் யாரோ தெலுங்கில், “பேரு மாத்திப் போட்டா யாருக்குத் தெரியும்?” என்றார்கள். திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் அட்மின் மேனேஜரிடம் போனேன். வெள்ளைச் சட்டை, எப்போதும் மேசை மேல் இரண்டு போன், பேச்சில் பாதி தெலுங்கு பாதி தமிழ். நான் சொன்னதை முழுதாகக் கேட்கவில்லை.

“சிஸ்டம் அபத்தம் செப்பதம்மா” என்றார். சிஸ்டம் பொய் சொல்லாது என்று அர்த்தம். “அந்தம்மா லீவு எடுத்துட்டு மறந்திருப்பாங்க.”

“எடுக்கலை சார். எல்லாத்துக்கும் டூட்டி பார்த்தாங்க. நான்தான் போட்டேன்.”

“நீ போட்டேன்னா நீதான் பார்க்கணும்” என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. வழக்கமாகச் சிரிக்கிற ஆளில்லை அவர்.

திருச்சானூரில் எங்கள் வீடு. என் கணவர் அங்கேயே ஒரு லாட்ஜில் வரவேற்பில் இருக்கிறார். ராத்திரி சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னேன்.

“மார்கழி வந்தா உங்க ஆஸ்பத்திரியில ஆள் பத்தாது. எல்லாரும் மிச்ச லீவை எடுப்பாங்க. எடுக்க லீவே இல்லைன்னா?” என்றார்.

“அதுக்காக அழிப்பாங்களா?”

“எங்க லாட்ஜில அழிப்பாங்க” என்றார் சாதாரணமாக.

அவர் விளையாட்டுக்குச் சொன்னாரோ என்னவோ, எனக்கு அப்புறம் தூக்கம் சரியாக வரவில்லை. ஒரு விஷயம் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது. கல்யாணத்துக்கு நான் லீவில் போவதற்கு முன்னால் மேனேஜர் என் பாஸ்வேர்டைக் கேட்டார். “நீ இல்லாதப்ப யாராவது டூட்டி மாத்தணும்னா நான் இன்னா பண்றது?” என்றார். எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்து மாற்றவும் இல்லை.

மறுநாள் சீக்கிரமே போய் அக்காவின் பக்கத்தைத் திறந்தேன். சித்தூர் டூட்டி எல்லாம் நான் போட்டபடியே இருந்தது. சங்கராந்தியும் இருந்தது, உகாதியும் இருந்தது. வேலை செய்த நாள் ஒன்றுகூட அழியவில்லை. லீவு மட்டும் இல்லை. ஒரு திருடன் வீட்டுக்குள் வந்து பூட்டை அப்படியே பூட்டி வைத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. பிறகு, நான் சாதாரணமாகத் திறக்காத இன்னொரு பக்கத்தைத் திறந்தேன். ஒருவர் எந்தக் கிளையைச் சேர்ந்தவர் என்று காட்டுகிற பக்கம். அக்கா பெயருக்கு நேரே திருப்பதி என்று இருந்தது. அது சரிதான். ஆனால் எந்தத் தேதியிலிருந்து என்ற இடத்தில் ஜனவரி முதல் தேதி.

ஆப் தயாரித்த கம்பெனிக்கு போன் போட்டேன். பெங்களூரில் இருந்து ஒரு பெண் பேசினாள். சின்னக் குரல், பொறுமையானவள். நான் தமிழில் கேட்க, அவளும் தமிழிலேயே சொன்னாள்.

“பண்டிகை நாள் வந்தா, அந்த ஆளு எந்தக் கிளைன்னு சாஃப்ட்வேர் முதல்ல பார்க்கும் மேடம். அந்தக் கிளையோட டூட்டி ரோஸ்டர்ல பேர் இருந்தா ஒரு நாள் லீவு குடுக்கும். பேர் இல்லைன்னா, வீட்ல இருந்தாங்கன்னு எடுத்துக்கும்.”

“அவங்க சித்தூர் ரோஸ்டர்ல இருக்காங்களே.”

“ஆனா ஜனவரியில இருந்தே அவங்க திருப்பதி ஆளுன்னு போட்டிருக்கீங்களே. திருப்பதி ரோஸ்டர்ல சங்கராந்தி அன்னிக்கு அவங்க பேர் இல்லை. தேதி மாத்தின உடனே சாஃப்ட்வேர் வருஷ ஆரம்பத்துல இருந்து மறுபடி கணக்குப் போடும். குடுத்த லீவை எல்லாம் திரும்ப எடுத்துக்கும்.”

எனக்குப் புரிந்தது. வெயிலிலும் மழையிலும் சித்தூருக்குப் பஸ் ஏறிப் போய் வேலை செய்த அக்காவை, அது திருப்பதியில் தேடியிருக்கிறது. காணோம் என்றதும் பண்டிகைக்கு வீட்டில் இருந்ததாக முடிவு செய்திருக்கிறது. திருப்பதிக்கு வந்த பிறகு சேர்ந்த மூன்று மட்டும் தப்பியிருக்கிறது. ஆடி மாதம் மாற்றல் ஆன தேதியைப் போட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

“அந்தத் தேதியைப் போட்டது யாரு?” என்றேன்.

கொஞ்ச நேரம் தட்டுகிற சத்தம். “உங்க லாகின்தான் மேடம் காட்டுது” என்றாள். நாளையும் நேரத்தையும் சொன்னாள். ஆவணியில் என் தம்பிக்கு முகூர்த்தம் நடந்த அதே காலை.

போனை வைத்ததும் எனக்கு வந்தது பயமா கோபமா என்று தெரியவில்லை. நான் செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் என் பெயரில் நடந்திருக்கிறது. மேனேஜரிடம் நேரே போனால், “உன் லாகின்தானே” என்பார். அவர் சிரித்தது இதற்காகத்தானா? முதலில் அக்காவிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

அக்கா இரண்டாம் மாடி வார்டில் மருந்து டிராலியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். கேட்டு முடித்தவர் துடைப்பதை நிறுத்தவில்லை.

“உன் பேர்லதான கீது?”

“ஆமாக்கா. ஆனா அன்னிக்கு நான் நகரியில மண்டபத்துல இருந்தேன். நீங்களும் வந்திருந்தீங்களே.”

“வந்தேன். அதனால இன்னா? இது போன்லயே செய்யலாமே. நீ எங்க இருந்தாலும் செய்யலாம்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. இவருக்கு நான் என்ன சொன்னாலும் இன்னொரு சந்தேகம் இருக்கும் என்று தோன்றியது. திரும்பி நடந்தேன். கதவுவரை போயிருப்பேன்.

“இரு” என்றார்.

துணியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். “அன்னிக்கு நீ மாப்பிள்ளைக்கு அக்கா. தாலி முடிச்சு போடணும்னு மணவறைக்குப் போனே இல்ல?”

“ஆமா.”

“போறப்ப உன் கைப்பையை என்கிட்ட குடுத்துட்டுப் போனே. உன் போனு அதுல இருந்துச்சி.”

நான் அதை மறந்தே போயிருந்தேன். பட்டுப் புடவையும் விளக்குத் தட்டுமாக, பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதல் வரிசையில் இருந்த அவர் மடியில் வைத்துவிட்டு ஓடினேன்.

“மேளம் அடிக்கிறப்ப அந்த போனு அடிச்சிக்கினே இருந்துச்சி. யாருன்னு எடுத்துப் பார்த்தேன். மேனேஜர் சார்னு வந்துச்சி. கல்யாணத்துல கூட விட மாட்றானேன்னு உள்ளயே போட்டுட்டேன். ரெண்டு மூணு தடவை அடிச்சி அடங்கிடுச்சி.”

 கல்யாணத்தன்று சாயங்காலம் நான் மேனேஜரைத் திருப்பிக் கூப்பிட்டது ஞாபகம் வந்தது. “ஒண்ணும் இல்லம்மா, முடிஞ்சிபோச்சி” என்று வைத்துவிட்டார்.

“தேதி கேக்கத்தான் கூப்பிட்டிருக்கான்” என்றார் அக்கா மெதுவாக. “நீ எடுக்கல. இவனே எதையோ அமுக்கிட்டான்.”

“வேணும்னே அமுக்கினாரோ?”

“அது அந்தத் திருமலையப்பனுக்குத்தான் தெரியும். வா, பெரிய மேடம்கிட்ட போலாம்.”

சூப்பரின்டெண்டென்ட் மேடம் வயதான டாக்டர். நாங்கள் போன நேரம் ஓ.பி. முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். மேனேஜரையும் கூப்பிட்டார். நான் சொல்லச் சொல்ல மேனேஜர், “சூடம்மா, பாரும்மா, உன் லாகின்” என்று அதையே சொன்னார். அக்கா தெலுங்கில் நேராகக் கேட்டார்: “முகூர்த்த நேரத்துல இவளுக்கு எதுக்கு சார் போன் பண்ணீங்க? போன் என் மடியில இருந்துச்சி.”

மேனேஜர் முகம் மாறியது. மேடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்க்கவில்லை. ஹெட் ஆபீசில் அவசரப்படுத்தினார்கள், மாற்றல் ஆனவர்களை அன்றைக்கே ஏற்றச் சொன்னார்கள், தேதி தெரியவில்லை, கேட்கத்தான் போன் செய்தேன், எடுக்கவில்லை, தேதிக் கட்டத்தில் ஏற்கனவே இருந்த தேதியை அப்படியே விட்டுவிட்டேன் என்றார். லீவு போகும் என்று சத்தியமாகத் தெரியாது என்றார்.

“நேத்து இவ வந்து கேட்டப்ப தெரிஞ்சிருக்குமே?” என்றார் மேடம்.

அவர் கையிலிருந்த போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மேடம் அறையிலிருந்த கம்ப்யூட்டரிலேயே நான் அக்காவின் தேதியை மாற்றினேன். ஒரு சின்ன வட்டம் சுற்றியது. அக்கா தன் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். எண் மாறியதும் உதட்டை அசைத்து, சங்கராந்தி, சிவராத்திரி, உகாதி என்று ஒவ்வொன்றாகச் சொல்லி விரல் மடக்கினார். எல்லாம் திரும்பி வந்திருந்தது.

“அப்ப முடிஞ்சது” என்று மேனேஜர் கதவுப் பக்கம் நகர்ந்தார்.

“சித்தூர்ல இருந்து வந்த மத்தவங்க, சார்?” என்றேன். அவர்களுக்கும் அன்றைக்கு இவர்தானே ஏற்றினார்.

“அவங்க யாரும் கேக்கலையேம்மா. எல்லாருக்கும் இப்ப திருப்பிக் குடுத்தா மார்கழியில வார்டுக்கு யாரு? கேட்டா பாத்துக்கலாம்.”

அந்த இடத்தில்தான் எனக்கு அவர் மேல் இருந்த சந்தேகம் நிலையாக உட்கார்ந்துவிட்டது. முதலில் அமுக்கியது தவறாகவே இருக்கலாம். ஆனால் அதில் ஒரு வசதி இருப்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. எப்போதிலிருந்து தெரிந்தது என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

“கேக்கலைன்னா இல்லைன்னு ஆயிடுமா?” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. மேடம் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “எல்லாருக்கும் மாத்தும்மா, இப்பவே” என்றார். மாற்றினேன். மேனேஜர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் பாஸ்வேர்டையும் அவர் முன்னாலேயே மாற்றினேன். கையால் மறைத்துக்கொண்டுதான் அடித்தேன்.

சித்தூரிலிருந்து வந்த நர்ஸ்களில் ஒருத்தி மட்டும் என்னிடம் வந்து நன்றி சொன்னாள். மற்றவர்கள், இவள் எடுத்ததை இவளே திருப்பி வைத்துவிட்டாள் என்று நினைத்திருக்கலாம். நான் விளக்கப் போகவில்லை. இரண்டு பேரிடம் விளக்கிப் பார்த்தேன். கிளை, ரோஸ்டர், தேதி என்று ஆரம்பித்ததும் அவர்கள் கண்ணில் இன்னும் அதிக சந்தேகம்தான் வந்தது.

அக்கா கார்த்திகையில் லீவில் போனார். பெண் குழந்தை பிறந்ததாக எனக்கு போனில் படம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை புத்தூர் போய் அங்கிருந்து பஸ் மாறி கார்வேட்டிநகரம் போனேன். பிள்ளைக்கு ஒரு கவுனும் வெள்ளிக் காப்பும் வாங்கிப் போயிருந்தேன். அக்கா வாசலுக்கே வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். “இன்னா இளைச்சிட்டே, துன்னுறியா இல்லையா?” என்றார். மகள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். வேலூரிலிருந்து சம்பந்தியம்மா வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார். பிள்ளையை வாங்கி என் மடியில் வைத்தார்கள். தலையில் எண்ணெய் வாசனை. கண்ணைத் திறக்காமல் வாயை மட்டும் சுழித்தது.

“எந்த ஊரும்மா? இன்னா வேலை?” என்றார் சம்பந்தியம்மா.

“நகரிங்க. அக்கா வேலை செய்யிற ஆஸ்பத்திரியிலதான். டூட்டி போடறேன்.”

அந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். மருமகளைப் பார்த்தார். அவள் சட்டென்று பிள்ளையின் போர்வையைச் சரிசெய்ய ஆரம்பித்தாள்.

“ஓ. லீவெல்லாம் எடுத்துக்கினாங்கன்னு சொன்னீங்களே சம்பந்தி, அவங்கதானா இது?”

அக்கா கையில் காபியோடு நிலைப்படியில் நின்றார். முகம் சிவந்துவிட்டது. ஒரு விநாடி என்னைப் பார்த்தார்.

“ஐயோ, இல்ல சம்பந்தி, அது வேற ஒருத்தி” என்றார். “அவ இப்ப வேலையில இல்ல. இது நம்ம பொண்ணு.”

சம்பந்தியம்மா தலையாட்டினார். ஆனால் நான் கிளம்புகிறவரை பிள்ளை மேல் வைத்திருந்த என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் காபியைக் குடித்து முடித்து, பிள்ளையை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, புத்தூர் பஸ்ஸுக்கு எழுந்தேன். அக்கா பஸ் நிறுத்தம்வரை கூடவே நடந்து வந்தார். வழியில் மகளுக்குப் பால் சரியாக ஊறாததைப் பற்றியும், பிள்ளைக்கு யார் ஜாடை என்பதைப் பற்றியும் பேசிக்கொண்டே வந்தார். பஸ் வந்ததும் என் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார்.